பீர்க்கம்பந்தலும் செங்கோடன் குறட்டையும்

நல்லாம்புதூரில் செங்கோடனின் குறட்டைக்குப் பீர்க்கங்கொடி வளர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவன் வீட்டில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நூல் மில்லில் ராத்திரி வாட்ச்மேன் வேலை முடித்துக் காலை ஏழரை மணிக்கு வந்தவனுக்குத் தலைசாய்க்க இடமில்லை, கூரைமேல் நான்கு பேர் நின்றுகொண்டு ஓட்டைக் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஆகவே அவன் கயிற்றுக் கட்டிலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்துவின் பந்தலடியில் போட்டு, துண்டால் முகத்தை மூடி, மூன்றாவது மூச்சிலேயே குறட்டைக்குள் இறங்கிவிட்டான். மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்தபோது, காலையில் பந்தலின் கிழக்குக் கம்பியில் நின்றிருந்த கொழுந்து அவன் தலைக்கு நேரே வந்து, அங்கிருந்து கீழே இறங்கி, சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டைச் சுருளால் சுற்றிப் பிடித்திருந்தது. நாச்சிமுத்து வந்து பார்த்தார். ஆச்சரியப்பட அவருக்கு நேரமில்லை, தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. சுருளை நோகாமல் பிரித்துப் பீடிக்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "நாளைக்கும் ஓட்டு வேலை இருக்குதா செங்கோடா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் ஊர் பல்லடத்துக்குத் தெற்கே, பந்தல் காய் போடுகிற ஊர். கல்கால் நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டி, பீர்க்கை, புடலை, பாகல், சுரை என்று எதெல்லாம் ஏறித் தொங்குமோ அதையெல்லாம் ஏற்றித் தொங்கவிட்டு நாங்கள் பிழைக்கிறோம். வளருவதற்கு எது உதவினாலும் வாங்கிக்கொள்வோம். ஆட்டுப் புழுக்கை, மீன் கழுவிய தண்ணீர், மோர், பஞ்சகவ்யம், சாமியார் கொடுத்த விபூதி, எதையும் கூடாது என்று தள்ளியவர்கள் இல்லை. குறட்டையை மட்டும் ஏன் தள்ள வேண்டும்? ஓட்டு வேலை மூன்று நாள் நடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் நாச்சிமுத்துவின் பந்தலில், பூ விட்டுப் பதினைந்து நாளாவது ஆக வேண்டிய காய், முழங்கை நீளத்துக்குத் தொங்கியது. அதைப் பொரியல் செய்தபோது உப்புப் போட வேண்டியிருக்கவில்லை. காயிலேயே லேசாக உப்பு இருந்தது. அதற்கும் யாரும் காரணம் கேட்கவில்லை, உப்பு மிச்சம் என்று இருந்துவிட்டோம்.

செங்கோடனின் குறட்டையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அது மூன்று பாகம் கொண்டது. முதலில் ஒரு இழுப்பு, கிணற்றில் தண்ணீர் தீர்ந்த பிறகும் ஓடுகிற மோட்டார் போல. அடுத்தது ஒரு உருட்டல், அதில் கட்டில் கயிறு அதிரும், கட்டிலடியில் நிற்கும் சொம்பு அதிரும், பக்கத்தில் படுத்திருக்கிற நாய் எழுந்து போய்விடும். மூன்றாவது பாகத்தில் ஒன்றும் இருக்காது. மூச்சு அப்படியே நின்றுவிடும். இழுப்பும் இல்லை, உருட்டலும் இல்லை, நெஞ்சு ஏறாது, இறங்காது. கேட்கிறவர்கள் எல்லாம் 'அப்பாடா, ஓய்ந்தது' என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிற இடம் அது. அந்த இடத்தில் ஒருநாளும் திரும்பிப் படுக்காதவள் அவன் மனைவி பூவாத்தாள் ஒருத்திதான்.

கல்யாணமான மூன்றாம் நாள் அவள் அதைக் கண்டுபிடித்தாள். மூச்சு நின்றதும் எண்ண ஆரம்பித்தாள். பதினொன்றுவரை எண்ணிவிட்டு, இதற்கு மேல் முடியாது என்று ஆள்காட்டி விரலை மடக்கி அவன் இடது விலாவில் ஒரு குத்துக் குத்தினாள். "ஹக்" என்று மூச்சு கிளம்பியது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம் அவளுக்கு அதுவே வேலை. அவன் பகல் வேலைக்குப் போன காலத்தில் ராத்திரி முழுக்க எண்ணினாள், அவன் ராத்திரி வேலைக்கு மாறியபின் பகல் முழுக்க எண்ணினாள். திருப்பூர்க் கம்பெனிகளிலிருந்து வரும் பனியன் மூட்டையை அவிழ்த்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, சின்னக் கத்தரியால் தையலோரத்துப் பிசிறை வெட்டிக்கொண்டே ஒரு காதை அவன்மேல் வைத்திருப்பாள். ராத்திரி தூங்கலாமே என்றால், மில் கேட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவன் கண்ணயர்ந்துவிட்டால் குத்துவதற்கு அங்கே ஆள் ஏது? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போன் போடுவாள். "என்ன?" என்பான். "ஒண்ணுமில்லீங்க" என்று வைத்துவிடுவாள். அவள் கண் எப்போதும் சிவந்திருக்கும். அவளுக்குக் கோபம் அதிகம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஓட்டு வேலை முடிந்த பிறகும் நாச்சிமுத்து செங்கோடனை விடவில்லை. அடுத்த வாரம் மேற்குத் தெரு வளவுக்காரர்கள் தங்கள் புடலைப் பந்தலுக்குக் கூப்பிட்டார்கள், அதற்கடுத்து பாகல்காரர்கள் வந்தார்கள், பங்குனி பிறப்பதற்குள் ரேசன் கடை வாசலில் கூட்டம் போட்டு, எந்தக் கிழமை எந்தப் பந்தலடியில் செங்கோடன் தூங்குவது என்று முறை வைத்தாகிவிட்டது. தென்னை அசையவில்லை, வாழை அசையவில்லை, கத்தரியும் தக்காளியும் காது கேளாதவை போல நின்றன, கொடிக்கு மட்டுமே அந்தக் குறட்டை பிடித்தது. சரி, கொடிக்குக் காது நல்ல காது என்று எடுத்துக்கொண்டோம். முறை வந்த வீட்டில் பந்தலடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கட்டிலை அணில் எச்சமிடாத இடமாகப் பார்த்துப் போட்டு, கோழிகளைக் கூடையால் மூடி, போன்களைச் சத்தமில்லாமல் வைத்து, டவுன் பஸ் டிரைவரிடம் சொல்லி நல்லாம்புதூர் எல்லைக்குள் ஆரன் அடிக்காமல் வரச்செய்து, கம்மஞ்சோறும் கட்டித் தயிரும் கொடுத்து, அதற்குமேல் ஒரு சொம்பு மோரும் கொடுத்தால், செங்கோடன் ஒரு ஏப்பம் விட்டுவிட்டுச் சாய்வான்.

அவனுக்கு அது பிடித்திருந்தது. அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டோம். ஒறம்பரை என்று சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கட்டுத்தரையில் மாட்டோடு படுக்க வைக்கப்பட்டவன் அவன். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் மண்டபத்துக்குள் படுக்கவிடாமல் வேனுக்குள் படுக்கச்சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள், மறுநாள் தாலி கட்டுகிற நேரத்துக்கு எழுப்பவும் மறந்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்டவனை இப்போது வீடு தேடி வந்து, "ஏனுங்க, நாளைக்கு நம்ம பந்தலுக்குத் தூங்க வந்துருவீங்களா?" என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்? மில் வேலையை விட்டுவிட்டான். ஒரு மாதத்தில் தொப்பை போட்டது, கழுத்தில் ஒரு மடிப்பு விழுந்தது.

சித்திரையில் தோட்டக்கலை அலுவலர் ஷர்மிளா பானு ஸ்கூட்டியில் வந்தார். சின்ன வயசு, தலையில் முக்காடு, தோளில் பை, பைக்குள் அளக்கும் டேப். எங்கள் பேச்சை நம்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "செடிக்குப் பாட்டு வெச்சா வளரும்னு சில பேரு எழுதியிருக்காங்க, வளராதுன்னு சில பேரு எழுதியிருக்காங்க. அளந்து பாத்துரலாம்" என்றார். அளப்பதற்கு வேறு வேறு சத்தம் வேண்டுமே, அதற்கு மைக்செட் கிட்டுசாமியைக் கூப்பிட்டோம். கல்காலில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, ஒரு வாரம் நாதஸ்வரம் வைத்தான். புடலை நாளுக்கு ஒரு விரற்கடை வளர்ந்தது, அது தானாகவே அவ்வளவு வளரும். வீணை வைத்தான், சினிமாக் குத்துப்பாட்டு வைத்தான், ஐயப்பன் பாட்டு வைத்தான், மிக்சியில் தேங்காய் அரைக்கிற சத்தத்தைக் கூட வைத்துப் பார்த்தான். எதற்கும் கொடி திரும்பிப் பார்க்கவில்லை. ஷர்மிளா பானு ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். செங்கோடன் படுத்த அன்று மத்தியானம் அவர் கையிலிருந்த டேப்பின் நுனியைப் பீர்க்கங்கொடி பிடித்துக்கொண்டு போய்விட்டது. அதையும் எழுதிக்கொண்டார்.

இனி ஒரே ஆளை வைத்து இத்தனை பந்தலுக்குச் சமாளிக்க முடியாது என்று, கிட்டுசாமி செங்கோடனின் குறட்டையைப் பதிவு செய்தான். நேர்த்தியான வேலைக்காரன் அவன், கல்யாண வீட்டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இரண்டு நொடி சும்மா இருந்தால் அவனுக்கு மானம் போய்விடும். இழுப்பும் உருட்டலும் இருந்த இடத்தையெல்லாம் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாத இடத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டான். "சும்மா கெடக்கற எடம் எதுக்குங்க, கரண்டுக்குத் தண்டம்" என்றான். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. நான்கு பந்தலில் ஸ்பீக்கர் கட்டி மூன்று நாள் இடைவிடாமல் செங்கோடனைக் குறட்டை விடவைத்தோம். ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின, பாகல் பந்தலில் ஒரு இலை கூட நிமிரவில்லை. பெட்டிக் குறட்டை கொடிக்கு ஆகாது, ஆள் குறட்டைதான் ஆகும் என்று முடிவு கட்டிவிட்டு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டோம். இவ்வளவு தெரிந்துகொண்டவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அப்போதுதான் நாச்சிமுத்து ஒன்றைக் கவனித்தார். பூவாத்தாள் பனியன் மூட்டையைக் கொடுக்கத் திருப்பூர் போகிற நாளில் கொடி இரண்டு மடங்கு வளர்கிறது. அவள் பந்தலடிக்கும் கூடவே வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து விலாவில் குத்திக்கொண்டிருக்கிற நாளில் பாதிதான். நாச்சிமுத்து கெட்டவர் இல்லை. ஆனால் காய் பறிக்கிற கை அவருக்கு எப்போதும் அரித்துக்கொண்டே இருக்கும். தயங்கித் தயங்கி அவளிடம் போய்ச் சொன்னார்.

"அம்மிணி, தப்பா நெனைக்காத. நீ குத்தறயில்ல, அதுல அவரு தூக்கம் கலைஞ்சு போவுது. தூக்கம் கலைஞ்சா கொறட்டை கொறையுது. நீ சித்த அந்தச் சாளையில போயி உக்காந்துக்கோ. டிவி வெச்சுத் தர்றோம்."

"நான் தூக்கத்தக் கலைக்கறதுக்காகக் குத்தலீங்கண்ணா" என்றாள் பூவாத்தாள். "மூச்சு நிக்குதுங்க. முந்தியெல்லாம் பதினொண்ணு எண்ணுவேன். இப்ப பதினேழு வரைக்கும் போவுது. கம்மஞ்சோத்தையும் தயிரையும் போட்டுப் போட்டு நீங்க அல்லாரும் அவரப் பெருக்க வெச்சுட்டீங்க."

"கொறட்டைன்னா நடுவுல நிக்கத்தான் செய்யும். எங்கப்பாருக்குக் கூட நிக்கும்."

"உங்கப்பாரு எப்பிடிங்க போனாரு?"

"தூக்கத்துலதான்" என்றார் நாச்சிமுத்து, பிறகு டிவிக்கு ஒயர் இழுக்கப் போய்விட்டார்.

அவள் செங்கோடனிடமே சொல்லிப்பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அவன் கட்டிலில் புதுத்துண்டை விரித்துக்கொண்டே, "ஏம்புள்ள, வாழ்க்கையில மொதல் தடவையா நாலு பேரு என்னய மதிச்சுக் கூப்புடறாங்க. நீ சித்த அந்தப் பக்கம் போயி உக்காந்தா என்ன கொறஞ்சு போவுது?" என்றான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அவளை அப்பால் போ என்று சொன்னது அதுவே முதல் தடவை. அவளுக்கு வலித்தது. மூட்டையையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு ஐம்பது அடி தள்ளி ஓலை வேய்ந்து நின்ற சாளைக்குப் போனாள். டிவியை அணைத்துவிட்டு, அங்கிருந்தே காது கொடுத்து எண்ணினாள். எண்ணிக்கை கூடினால் எழுந்து ஓடி வருவாள், பாதி வழியிலேயே அவன் மூச்சு தானாகக் கிளம்பிவிடும், திரும்பிப் போவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அப்படி ஓடி வந்ததில் சாளைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு தடம் விழுந்துவிட்டது. நாங்கள் அந்தத் தடத்தில் ஒரு பலகை நட்டோம். 'தூங்குபவரைத் தொடக்கூடாது, எழுப்பக்கூடாது' என்று பெயின்டில் எழுதியிருந்தது. வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்காகத்தான் என்று அவளிடம் சொன்னோம்.

அவள் தனியாகவே டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். மூச்சு நிற்பது நோய், ஒருநாள் நின்றது நின்றபடியே போகும், ஆளைக் கூட்டிவாருங்கள், மெஷின் இருக்கிறது, அதை மாட்டிக்கொண்டு தூங்கினால் மூச்சும் நிற்காது, குறட்டையும் வராது என்று டாக்டர் சொன்னாராம். கடைசியில் சொன்னது எங்கள் காதில் இடி மாதிரி விழுந்தது. ரேசன் கடை வாசலில் மறுபடியும் கூட்டம் போட்டோம். வைகாசி முகூர்த்தம் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊர்க் காய்தான் என்று சந்தையில் வாக்குக் கொடுத்திருந்தோம். ஆகவே, ஒருவர் விடாமல் எல்லாரும் செங்கோடனின் உடம்பைப் பற்றி மிகுந்த அக்கறையோடு பேசிவிட்டு, ஆடி நோம்பி கழித்து மெஷின் மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தோம். செங்கோடனும் தலையாட்டினான்.

"ஆடி வரைக்கும் அவரு இருக்கோணுமே" என்றாள் பூவாத்தாள். அன்றைக்கு எண்ணிக்கை இருபத்துமூன்று ஆகியிருந்தது.

வைகாசி எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மறுபடியும் நாச்சிமுத்துவின் முறை. வேடிக்கை பார்க்க இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், ஷர்மிளா பானு புது டேப்போடு வந்திருந்தார், கிட்டுசாமி ஐஸ் விற்கிறவனின் மணியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு எல்லாரையும் வாயில் விரல் வைத்து அதட்டிக்கொண்டிருந்தான். பதினொரு மணி வெயிலில் பந்தலடி மட்டும் பச்சையாகக் குளிர்ந்து கிடந்தது. செங்கோடன் மல்லாந்து படுத்திருந்தான், இழுத்தான், உருட்டினான், கல்கால்கள் அதிர்ந்தன. பிறகு மூச்சு நின்றது.

சாளையில் பூவாத்தாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தாள். பந்தலடியில் நாங்கள் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம், ஏனென்றால் கொடி அன்றைக்குப் போல் ஒருநாளும் வளர்ந்ததில்லை. கண்ணுக்கு எதிரேயே வளர்ந்தது. பந்தலின் நான்கு மூலையிலிருந்தும் கொழுந்துகள் கட்டிலுக்கு நேரே ஓடி வந்தன, கம்பியைத் தாண்டிக் கீழே தொங்கின, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, ஒன்றை ஒன்று விலக்கிக்கொண்டு, நூறு சுருள், இருநூறு சுருள், கட்டிலை நோக்கி இறங்கின. வேனில் வந்தவர்கள் கைதட்டப்போனார்கள், கிட்டுசாமி கையைப் பிடித்துத் தடுத்தான். பூவாத்தாள் முப்பதில் எழுந்தாள், முப்பத்தைந்தில் பலகையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மிணி, தொட்டுராத! இப்பத்தான் வளருது!" என்று நாச்சிமுத்து இரண்டு கையையும் விரித்து மறித்தார். நாங்களும் மறித்தோம். அதை மறைக்க எங்களுக்கு வழியில்லை.

அவள் எங்கள் கைகளுக்கு அடியில் குனிந்து புகுந்து உள்ளே போனாள், போனவள் ஒரு கணம் நின்றாள். நாங்கள் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்த கொடியை அவள் கட்டிலின் பக்கத்திலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு கொழுந்தும் கழுத்தை நீட்டி, செங்கோடனின் வாயருகே, மூக்கருகே, நெஞ்சருகே வந்து நின்று, அசையாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் அவள் எப்படிக் குனிந்து பார்த்தாளோ அப்படியே. ஒரு இளங்கொழுந்து அவன் இடது விலாவில் முட்டி முட்டி மடங்கிக்கொண்டிருந்தது, அதற்கு வலு பத்தவில்லை. பூவாத்தாள் அதைப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டு, விரலை மடக்கவெல்லாம் இல்லை, இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து அவன் நெஞ்சில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று வைத்தாள். "ஏனுங்க!" என்று அலறிக்கொண்டு மூன்றாவது வைத்தாள்.

"ஹக்" என்று செங்கோடன் மூச்சை இழுத்தான். பந்தலில் இருந்த அத்தனை கொடியும் ஒரே நேரத்தில் துவண்டு தளர்ந்தது. மஞ்சள் பூக்கள் அவர்கள் இரண்டு பேர்மேலும் உதிர்ந்தன.

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தாள். கத்தவில்லை. "அதுக சத்தத்துக்கு வளரலீங்க" என்றாள். "சத்தம் நின்னதும் என்னாச்சோ ஏதாச்சோன்னு எட்டிப் பாக்குதுக. வெசனத்துல நீளுதுக. இந்தப் புல்லு பூண்டுக்குத் தெரிஞ்சது உங்கள்ல ஒருத்தருக்கும் தெரியலியே."

நாச்சிமுத்து விரித்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கிட்டுசாமி, தான் வெட்டி எறிந்த இடங்கள் எவை என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தவன், ஐஸ்காரனின் மணியைத் திருப்பிக் கொடுத்தான். ஷர்மிளா பானு டேப்பைச் சுருட்டினார். காயில் இருந்தது கண்ணீரின் உப்பு என்று அன்றைக்கு எங்களில் பலருக்குப் புரிந்தது. எங்களுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது, முப்பத்தைந்து எண்ணுகிறவரைக்கும் ஒரு மனிதனின் மேலே தொங்குகிற காயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோமே என்று.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் பூவாத்தாள் கிளம்பி வந்தபோது, செங்கோடன் அவளுக்கு முன்னாலேயே போய் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான். பகலில் தூங்குகிறவன் என்பதால் ஆஸ்பத்திரியில் பகலிலேயே படுக்க வைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்து, மூக்குமேல் கவிழ்க்கிற ஒரு சின்னக் கிண்ணமும், நீளமான குழாயும், புஸ்ஸென்று காற்று விடுகிற ஒரு பெட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். நாச்சிமுத்து அந்தப் பெட்டிக்காகச் செங்கோடன் வீட்டில் தனியாக ஒரு பிளக் பாயின்ட் அடித்துக் கொடுத்தார், டிவிக்கு இழுத்த அதே ஒயரில். பலகையை யாரோ பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார்கள். யார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

கொடிகள் பழையபடி வளர ஆரம்பித்தன, ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை, மழை பெய்தால் இரண்டு. சந்தையில் எங்களுக்குக் கொஞ்ச நாள் கெட்ட பெயர். அதற்குள்ளேயே அவசரத்தில் வளர்ந்த காயில் ருசி இருக்காது, நின்று வளர்ந்த காய்தான் காய் என்று நாங்களே எல்லாரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டோம், கொஞ்ச நாளில் அதை நம்பவும் செய்தோம். காய்க்கு இப்போது உப்புப் போட வேண்டியிருக்கிறது. ஷர்மிளா பானு தன் குறிப்பேட்டில் 'இசை: பயனில்லை, குறட்டை: பயனில்லை' என்று எழுதி, மூன்றாவதாக என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறார், ஊர்ப்பக்கம் வந்தால் இன்னமும் பூவாத்தாளைப் பார்க்காமல் போவதில்லை. செங்கோடனுக்கு மில்லில் பழைய நாற்காலி திரும்பக் கிடைத்தது. ஒறம்பரை வீடுகளில் இப்போது அவனுக்கு வீட்டுக்குள்ளேயே பாய் போடுகிறார்கள்.

மற்றது செங்கோடனே டீக்கடையில் சொன்னது. மெஷின் மாட்டிக்கொண்டு வீட்டில் தூங்கிய முதல் நாள், பூவாத்தாள் வழக்கம்போல் மூட்டையை அவிழ்த்துக் கால்மாட்டில் உட்கார்ந்து, மூச்சு நிற்கிறதா என்று எண்ணப் பார்த்திருக்கிறாள். ஒண்ணு என்பதற்குள் அடுத்த மூச்சு வந்துவிட்டது. மறுபடி ஒண்ணு. மறுபடியும் ஒண்ணு. இரண்டுக்குப் போகவே வழியில்லாமல், கத்தரி கையில் இருக்கும்போதே அவள் பனியன் மூட்டைமேல் தலையைச் சாய்த்துவிட்டாள்.

செங்கோடன் கண்விழித்துக் கிண்ணத்தைக் கழற்றியபோது மத்தியான வெயில் ஜன்னலில் இருந்தது. அவள் தூங்கி அவன் பார்த்ததே இல்லை. எழும்போது எப்போதும் அவள் விழித்திருப்பாள், படுக்கும்போதும் விழித்திருப்பாள், உலகத்தில் பெண்பிள்ளைகள் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டவன் அவன். இப்போது அவள் வாய் லேசாகத் திறந்து, கை ஒரு பக்கமும் கத்தரி ஒரு பக்கமுமாகக் கிடந்தாள். குறட்டை இல்லை. முனகல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. "பூவா" என்றான் மெதுவாக. அசையவில்லை. ஆள்காட்டி விரலை மடக்கி அவள் விலாவரைக்கும் கொண்டுபோனான், இருபத்திரண்டு வருஷத்துத் தூக்கத்தை இந்த விரலால் கெடுப்பதா என்று பாதியிலேயே நிறுத்தினான், நிறுத்திவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கி, முழங்காலில் உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேரே குனிந்தான். மேலுதட்டில் ஒரு பனியன் பிசிறு ஒட்டியிருந்தது. அது எழுந்தது, படிந்தது. கொஞ்சநேரம் கழித்து மறுபடி எழுந்தது.

அவன் எண்ணிக்கொண்டே பார்த்திருந்தபோது காதோரம் ஏதோ உரசியது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் பூவாத்தாள் எப்போதோ ஊன்றிவிட்டு, தண்ணீர் விட்ட நேரம் போக மற்ற நேரமெல்லாம் மறந்துவிட்ட அவரைக்கொடி, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, சுவரோரம் வந்து, அவன் தோளுக்கு மேலாக அவள் முகத்தை நோக்கிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. அவன் கொஞ்சம் நகர்ந்து அதற்கும் இடம் விட்டான்.